மாட்டு இதயத்தில் பிறந்த படம்: உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



செல் சுவாசம் நடத்தும்போது கரும்பலகையில் எல்லோரும் வரைகிற படம் ஒன்று உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைக் காட்ட இரண்டு கோடுகள், அவற்றின் நடுவே வரிசையாக நான்கு கட்டங்கள், ஓரத்தில் ஏடிபி சிந்தேஸ். எலக்ட்ரான்கள் கட்டம் கட்டமாக நகர்கின்றன. புரோட்டான்கள் சவ்வைக் கடந்து வெளியேறுகின்றன. கடைசியில் ஆக்சிஜன் நீராகிறது. மாணவர்கள் அதை வரைந்து பழகி, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அது எந்த உயிரின் படம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அது மாட்டின் படம். இன்னும் சரியாகச் சொன்னால், மாட்டு இதயத்தின் படம்.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் மாடிசன் நகரில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நொதி ஆய்வு நிறுவனத்தில் டேவிட் கிரீன் தலைமையிலான குழு மாட்டு இதயங்களிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து வந்தது. இதயம் ஓயாமல் துடிக்கும் தசை என்பதால் அதில் மைட்டோகாண்ட்ரியா மிகுதி. இறைச்சிக்கூடத்தில் கேட்டால் கிலோ கணக்கில் கிடைக்கும். பித்த உப்புகளால் சவ்வைக் கரைத்து, உப்புச் செறிவை மாற்றி மாற்றி வீழ்படிவாக்கி, யூசுஃப் ஹதேஃபியும் கூட்டாளிகளும் 1962ஐ ஒட்டி நான்கு பகுதிகளைத் தனித்தனியே பிரித்துவிட்டார்கள். அவற்றை மறுபடி சேர்த்தபோது என்ஏடிஹெச்சிலிருந்து ஆக்சிஜன் வரை எலக்ட்ரான் ஓடியது. ஒன்று முதல் நான்கு வரை அன்று இட்ட எண்கள்தாம் இன்றும் நம் கரும்பலகைகளில் இருக்கின்றன.

மகத்தான வேலை அது. ஆனால் அந்தப் படத்துக்கு ‘உயிர்கள் சுவாசிக்கும் முறை’ என்று பொதுத் தலைப்பிட்டு நடத்தும்போது உயிருலகின் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே நின்றுவிடுகிறது. ரொட்டி செய்யும் ஈஸ்ட்டிடம் முதல் கட்டமே கிடையாது. தாமரைப் பூவோ மூன்றையும் நான்கையும் தொடாமல் ஆக்சிஜனை அடையும் தனி வழி வைத்திருக்கிறது. காசநோய்க் கிருமி அந்த இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்தே கட்டிவிட்டது. இவற்றை விதிவிலக்குப் பட்டியலாகப் பாடத்தின் கடைசியில் தள்ள வேண்டியதில்லை. இவற்றைக் கொண்டே பாடத்தை நடத்தலாம் என்று சொல்லத்தான் இந்த மடல். சுவாசச் சங்கிலி ஒரே மூச்சில் வடிவமைக்கப்பட்ட இயந்திரம் அல்ல. வேறு வேலைகளுக்கு இருந்த பழைய புரதங்களைச் சேர்த்துப் பல நூறு கோடி ஆண்டுகளாகக் கட்டிய ஏற்பாடு அது. அதைச் சில உயிர்கள் மாற்றிக்கொண்டன, சில கழற்றியே போட்டுவிட்டன. அந்த வரலாறு தெரிந்தால் கட்டங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது மாணவருக்குத் தானே விளங்கும்.

இந்த நொதிகளைக் கண்டறிந்த கதையே பல உயிர்களை ஒப்பிட்டுத்தான் தொடங்கியது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் மருத்துவராக இருந்த சார்லஸ் மெக்மன், 1880களில் நிறமாலைக் கருவி வழியே விலங்குத் திசுக்களைப் பார்த்து, ஹீமோகுளோபின் அல்லாத ஒரு நிறமி பரவலாக இருக்கிறது என்று எழுதினார். ஜெர்மனியின் புகழ்பெற்ற உயிர்வேதியியலர் ஹோப்பே-செய்லர் மறுத்ததால் அந்தக் கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் குதிரையின் வயிற்றில் புழுவாக வளரும் ஒருவகை ஈயை ஆராய்ந்துகொண்டிருந்தார். வளர்ந்த ஈயின் பறக்கும் தசையில் நான்கு கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. ஈஸ்ட் கரைசலிலும் அதே பட்டைகள். காற்றோடு குலுக்கினால் மறைந்தன. சற்று விட்டுவைத்தால் திரும்பி வந்தன. ஒரு செல் ஆக்சிஜனைச் செலவழிப்பதை மனிதக் கண் நேரே பார்த்தது அப்போதுதான். 1925இல் கெய்லின் அந்த நிறமிகளுக்குச் சைட்டோகுரோம் என்று பெயரிட்டார்.

1961இல் பீட்டர் மிட்செல் வேறொரு கதவைத் திறந்தார். எலக்ட்ரானின் ஆற்றல் இடைப்பட்ட வேதிப்பொருள் எதிலும் சேமிக்கப்படுவதில்லை. புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கம் தள்ளிவைக்க அது செலவாகிறது. அவை திரும்பிவரும் விசையில் ஏடிபி உருவாகிறது என்றார். அந்த இடைப்பொருளை ஆண்டுக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தவர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. மிட்செல் கார்ன்வால் பகுதியில் கிளின் ஹவுஸ் என்ற பழைய மாளிகையைச் சீரமைத்து ஆய்வகமாக்கி, ஜெனிஃபர் மோய்லுடன் சேர்ந்து புரோட்டான்கள் வெளியேறுவதை அளந்து காட்டினார். 1978இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. சவ்வின் குறுக்கே இருக்கும் மின்னழுத்தம் சுமார் 150 மில்லிவோல்ட்தான். சவ்வின் தடிமனோ ஐந்தாறு நானோமீட்டர். கணக்குப் போட்டால் மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று கோடி வோல்ட் வலிமையுள்ள மின்புலம்.

இங்கே மாணவர்களை ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். புரோட்டானை வெளியே தள்ளியது யார் என்பது ஏடிபி சிந்தேஸுக்குத் தெரியாது. யார் தள்ளினாலும் அது சுழலும். அதனால்தான் அதற்கு முன்னால் உள்ள கட்டங்களை உயிர்களால் மாற்றவும் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது.

முதல் கட்டத்தை, அதாவது முதல் கூட்டமைப்பையே எடுத்துக்கொள்ளலாம். அளவில் பெரியது, கதையும் நீளமானது. பாலூட்டிகளில் அதற்கு 45 துணையலகுகள்; ஒன்று இருமுறை வருவதால் 44 வகைப் புரதங்கள். மொத்த எடை ஏறத்தாழ பத்து லட்சம் டால்டன். அதன் ஒரு கை சவ்வுக்குள் நீளவாக்கில் படுத்திருக்கிறது, மற்றொரு கை மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியில் நிமிர்ந்து நிற்கிறது. நிமிர்ந்த கையின் நுனியில் என்ஏடிஹெச் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கும். இரும்பு-கந்தகக் கொத்துகளின் வழியே அவை இறங்கி, இரு கைகளும் சேரும் மூலையில் யூபிகுவினோனை அடையும். அந்த நேரத்தில் சவ்வுக்குள் இருக்கும் கை நான்கு புரோட்டான்களைத் தள்ளிவிடுகிறது. வியப்பு என்னவென்றால், எலக்ட்ரான் அந்தக் கைக்குள் நுழைவதே இல்லை. எலக்ட்ரான் நிற்கும் இடத்துக்கும் கடைசிப் புரோட்டான் வழிக்கும் இடையே ஏறத்தாழ 20 நானோமீட்டர் தூரம். இவ்வளவு தூரம் விசை எப்படிக் கடத்தப்படுகிறது என்பதில் லியோனித் சசானோவின் குழுவும் ஜூடி ஹெர்ஸ்ட்டின் குழுவும் இன்றும் மாறுபடுகின்றன. பாடநூலில் ஒரே ஓர் அம்புக்குறி கடந்துபோகும் இடம் இது. அறிவியல் இன்னும் விவாதத்தில் இருக்கும் இடத்தை மாணவருக்கு விரல் நீட்டிக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு பாடத்தில் வேறில்லை.

2013இல் சசானோவின் குழு தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் முதல் கூட்டமைப்பை முழுமையாகப் படிகத்தில் படமெடுத்தது. அதில் 16 துணையலகுகளே உண்டு. அடுத்த ஆண்டே மாட்டு இதயத்தின் கூட்டமைப்பு உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெளிந்தது. ஹெர்ஸ்ட்டும் ஜியாபெங் ஜூவும் கே.ஆர். வினோத்குமாரும் எழுதிய கட்டுரை அது. அதன் முதல் ஆசிரியரான வினோத்குமார் பின்னர் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கு வந்துவிட்டார். இந்தத் துறையை எங்கோ தொலைவில் நடப்பதாக நம் மாணவர்கள் எண்ண வேண்டியதில்லை.

பாக்டீரியாவின் படத்தையும் மாட்டின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வரலாறு கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டுக்கும் பொதுவானவை 14 புரதங்கள். எலக்ட்ரானைக் கடத்தவும் புரோட்டானைத் தள்ளவும் அந்த 14 போதும். மாட்டில் உள்ள மற்ற 30 வகைகள், தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைச் சுற்றி மகனும் பேரனும் தாழ்வாரமும் திண்ணையும் சேர்த்ததுபோலப் பின்னால் வந்து சூழ்ந்துகொண்டவை. அவற்றில் ஒன்று, கொழுப்பு அமில உருவாக்கத்தில் வேலை செய்யும் ஏசைல் கடத்திப் புரதம். கூட்டமைப்பில் இருமுறை வருவது அதுதான். செடிகளின் முதல் கூட்டமைப்பில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் குடும்பத்துப் புரதங்கள் மூன்றாகச் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மாட்டில் அப்படி ஒரு பகுதி இல்லை. ஒவ்வொரு பரம்பரையும் தன் தேவைக்கேற்பக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது.

அந்த 14 புரதங்களும்கூட ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. நிமிர்ந்த கையில் குவினோனை ஒட்டியுள்ள பகுதி, நிக்கலும் இரும்பும் கொண்ட ஹைட்ரஜனேஸ் நொதிகளுக்கு உறவு. சவ்வுக்குள் படுத்த கையில் புரோட்டானைத் தள்ளும் மூன்று பெரிய புரதங்களோ, பாக்டீரியாக்கள் உப்பைச் சமாளிக்க வைத்திருக்கும் சோடியம்-புரோட்டான் மாற்றிகளின் வழித்தோன்றல்கள். தனித்தனியே வாழ்ந்த இரு குடும்பங்கள் எப்போதோ இணைந்துவிட்டன. அந்த இணைப்பின் பழைய வடிவத்தை இன்றும் பார்க்கலாம். ஏறத்தாழ 100 டிகிரி வெப்பத்தில் செழிக்கும் பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் என்ற ஆர்க்கியா, எலக்ட்ரானைப் புரோட்டான்களிடமே கொடுத்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிட்டு, அதோடு அயனியையும் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அதன் சவ்வு ஹைட்ரஜனேஸின் அமைப்பு 2018இல் வெளியானபோது முதல் கூட்டமைப்போடு அதற்குள்ள உறவு அணு அணுவாகத் தெரிந்தது. ஆக்சிஜனே தேவைப்படாத உயிரில், ஆக்சிஜன் சுவாசத்தின் முதல் படிக்கு உடன்பிறப்பு.

இன்னொரு உறவினர் தாவரவியல் ஆசிரியருக்கு மிக அருகில் இருக்கிறது. பசுங்கணிகத்திலும் முதல் கூட்டமைப்பின் வடிவம் ஒன்று உண்டு. 14க்குப் பதில் 11 மையப் புரதங்களே அதில் உள்ளன. இல்லாத மூன்றும் என்ஏடிஹெச்சைப் பிடிக்கும் நுனியைச் சேர்ந்தவை. ஒளிச்சேர்க்கையில் உருவாகும் ஃபெரடாக்சினிடமிருந்து அது எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. மீத்தேன் உண்டாக்கும் சில ஆர்க்கியாக்களிலும் அதே 11தான். என்ஏடிஹெச்சைப் பிடிக்கும் நுனி பிற்காலத்தில் பொருத்தப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டுமா?

இரண்டாம் கூட்டமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிரெப்ஸ் சுழற்சியின் சக்சினேட் டிஹைட்ரோஜினேஸ்தான் அது. நான்கே புரதங்கள். புரோட்டானைத் தள்ளுவதில்லை.

மூன்றாம் கூட்டமைப்பில் மையமான மூன்று புரதங்கள் போதும் என்று பல பாக்டீரியாக்கள் காட்டுகின்றன. மாட்டில் அவை 11 ஆகிவிட்டன. ஒளிச்சேர்க்கையின் இரு ஒளித்தொகுப்புகளுக்கும் நடுவே நிற்கும் சைட்டோகுரோம் கூட்டமைப்பு இதன் நெருங்கிய உறவு. சுவாசத்தில் ஒரே நீளமாக உள்ள சைட்டோகுரோம் பி புரதம் அங்கே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஒளிச்சேர்க்கையைப் புத்தகத்தின் ஒரு மூலையிலும் சுவாசத்தை மறுமூலையிலும் வைத்து எதிரெதிர் வினைகள் என்று நடத்துகிறோம். புரதங்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள். அதே நேரம் ஃப்ளேவோபாக்டீரியம் போன்ற சிலவற்றில், மூன்றாம் கூட்டமைப்பின் வேலையை அதற்குச் சற்றும் உறவில்லாத வேறொரு புரதக் கூட்டம் செய்கிறது. 2018இல் அதன் அமைப்பும் வெளியாகிவிட்டது.

நான்காவதில் ஆக்சிஜன் நீராகிறது. 1995இல் இரண்டு குழுக்கள் ஒரே ஆண்டில் இதன் படங்களை வெளியிட்டன. ஜப்பானில் சுகிஹாராவும் யோஷிகாவாவும் மாட்டு இதயத்திலிருந்து எடுத்தார்கள். ஜெர்மனியில் ஹார்ட்முட் மிஷேலின் குழு பாராகாக்கஸ் டீநைட்ரிஃபிகன்ஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. மாட்டில் 13 துணையலகுகள், பாக்டீரியாவில் 4. மையமான மூன்றும், ஹீமும் தாமிரமும் சேர்ந்து ஆக்சிஜனைப் பிடிக்கும் அந்த நடு இடமும், இரண்டிலும் அச்சு அசல் ஒன்று. பாராகாக்கஸ் நம் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எவ்வளவு நெருக்கம் என்று ஜானும் வாட்லியும் 1975இலேயே எழுதியிருந்தார்கள். இருபது ஆண்டு கழித்துப் படமே சாட்சி சொன்னது. இந்தக் குடும்பத்தில் ஆக்சிஜனைத் தொடாத ஒரு கிளையும் உண்டு. அது நைட்ரிக் ஆக்சைடைக் கையாளும் நொதி.

ஏடிபி சிந்தேஸ் சுழல்கிறது என்பதை 1994இல் ஜான் வாக்கரின் குழு எடுத்த படம் நம்பவைத்தது. பால் போயர் முன்பே ஊகித்திருந்தார். இருவரும் 1997இன் நோபலில் பங்கு பெற்றார்கள். அதே ஆண்டு ஜப்பானில் நோஜியும் யோஷிதாவும் கினோசிதாவும் நொதியின் அச்சில் ஒளிரும் ஆக்டின் இழையைக் கட்டி, அது சுழல்வதை நுண்ணோக்கியில் காட்டினார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி. அந்தச் சுற்றுக்கு எத்தனை புரோட்டான் தேவை என்பது நொதிக்குள் சுழலும் வளையத்தில் எத்தனை துணையலகுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. மாட்டில் 8, ஈஸ்ட்டில் 10, பசலைக்கீரையின் பசுங்கணிகத்தில் 14, ஸ்பைருலினாவில் 15. மாட்டுக்கு ஓர் ஏடிபி 2.7 புரோட்டானில் கிடைக்கிறது. ஸ்பைருலினா 5 கொடுக்க வேண்டும். ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏடிபி என்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் கணக்கு இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. பாலூட்டிகளுக்கே இன்றைய மதிப்பீடு 30ஐ ஒட்டித்தான் வருகிறது.

இனி, கழற்றிப் போட்டவர்களின் கதை. ரொட்டி ஈஸ்ட்டில் முதல் கூட்டமைப்பு இல்லை. ஒரே ஒரு புரதத்தாலான மாற்று நொதி என்ஏடிஹெச்சிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக் குவினோனிடம் கொடுத்துவிடும். புரோட்டான் எதையும் தள்ளாது. மீன் பிடிக்கப் பயன்பட்ட டெர்ரிஸ் வேரின் நஞ்சான ரோட்டினோன், முதல் கூட்டமைப்பின் குவினோன் இடத்தை அடைத்துக் கொல்வது. ஈஸ்ட்டுக்கு அது உறைப்பதில்லை. 1998இல் தக்காவோ யாகியின் குழு அந்த ஈஸ்ட் புரதத்தின் மரபணுவை, முதல் கூட்டமைப்பு பழுதான பாலூட்டிச் செல்களுக்குள் செலுத்தியபோது செல்கள் மறுபடி சுவாசித்தன. நூறு கோடி ஆண்டு இடைவெளியைத் தாண்டி ஒரு மாற்று உதிரி பொருந்திவிட்டது.

மரத்தில் ஒட்டி வாழும் ஐரோப்பியப் புல்லுருவியான விஸ்கம் ஆல்பமும் முதல் கூட்டமைப்பை முழுவதுமாக இழந்துவிட்டது என்று 2018இல் இரு குழுக்கள் காட்டின. பலசெல் உயிர் ஒன்றில் இப்படி நடந்தது தெரியவந்தது அதுவே முதல் முறை. சர்க்கரையை மரம் தந்துவிடுகிறது. ஆற்றல் சிக்கனம் அதற்கு அவ்வளவு அவசரமில்லை. சால்மன் மீனின் தசையில் வாழும் ஹென்னகுயா என்ற நுண்ணிய விலங்கு, மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத்தொகுதியையே தொலைத்துவிட்டது என்று 2020இல் தெரிந்தது. மோனோசெர்கோமோனாய்ட்ஸ் என்ற ஒருசெல் உயிரிடம் மைட்டோகாண்ட்ரியாவே இல்லை.

கழற்றாமல் பக்கத்தில் இன்னொரு வழி வைத்துக்கொண்டவை செடிகள். குவினோனிலிருந்து நேராக ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் மாற்று ஆக்சிடேஸ் என்ற சிறிய நொதி அவற்றிடம் உண்டு. மூன்றாவதும் நான்காவதும் விலகி நிற்கும். ஆற்றல் வெப்பமாக வெளியேறும். சயனைடு நான்காம் கூட்டமைப்பை அடைத்தாலும் இந்த வழி அடைபடாது. 1996இல் ரோஜர் சீமோரும் ஷுல்ட்ஸே-மோட்டலும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் தாமரைப் பூக்களை அளந்தார்கள். வெளியே 10 டிகிரியாகக் குளிர்ந்தபோதும் பூவுக்குள் 30 டிகிரிக்கு மேல் இருந்தது. ஏறி இறங்கும் வெளிவெப்பத்துக்கேற்பத் தன் சூட்டைப் பூவே கட்டுப்படுத்திக்கொண்டது. பின்னால் வந்த ஆய்வு அந்தச் சூட்டில் மாற்று ஆக்சிடேஸின் பங்கைக் காட்டியது. சேனைக்கிழங்கின் பூக்கதிரும் சூடேறும் வகைதான். நம் குளத்திலும் தோட்டத்திலும் இருக்கும் இந்த இரண்டைவிட நல்ல பாடப்பொருள் எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது.

மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ 16,569 எழுத்துகள் கொண்டது. 1981இல் முழுதாகப் படிக்கப்பட்டது. அது 13 புரதங்களுக்கு உரியது. முதல் கூட்டமைப்புக்கு 7, மூன்றாவதுக்கு 1, நான்காவதுக்கு 3, ஏடிபி சிந்தேஸுக்கு 2. பதின்மூன்றும் இந்த நொதிகளின் மையத்தில் அமர்ந்திருக்கின்றன. மற்றவை எல்லாம் உட்கருவிலிருந்து வர வேண்டும். ஆக, ஒரே கூட்டமைப்பின் பாகங்கள் இரு வேறு மரபணுத்தொகுதிகளிலிருந்து வந்து, அணு அளவுக்குப் பொருந்தியாக வேண்டும். கலிபோர்னியாக் கடற்கரைப் பாறைக் குட்டைகளில் வாழும் டைகிரியோபஸ் என்ற சிறு ஓட்டுடலியின் வெவ்வேறு ஊர்க் கூட்டங்களை ரான் பர்ட்டன் கலப்பினம் செய்தபோது, அடுத்தடுத்த தலைமுறைகள் நலிந்தன. ஏடிபி உற்பத்தியும் குறைந்தது. தாய்வழி வந்த மைட்டோகாண்ட்ரியாவும் கலந்த உட்கருவும் சரியாகப் பொருந்தவில்லை. மனிதரில் முதல் கூட்டமைப்பின் ஒரு மைட்டோகாண்ட்ரியப் புரதத்தில் ஒரே எழுத்து மாறினால் இளம் வயதில் பார்வை போகும் லெபர் நோய் வரலாம் என்று 1988இல் டக்ளஸ் வாலஸ் காட்டினார்.

இவ்வளவும் எதற்கு, தேர்வுக்கு வராதே என்று யாராவது கேட்டால் காசநோயைச் சொல்லுங்கள். காசநோய்க் கிருமியிடம் நீந்தித் திரியும் சைட்டோகுரோம் சி இல்லை. அதன் மூன்றாவதும் நான்காவதும் ஒரே பெருங்கூட்டாக ஒட்டியிருக்கின்றன. உறவான ஒரு பாக்டீரியாவில் இந்த அமைப்பு 2018இல் படமாக்கப்பட்டது. அதன் ஏடிபி சிந்தேஸ் வளையத்தில் 9 துணையலகுகள். பெடாகுயிலின் என்ற மருந்து அந்த வளையத்தில் போய் உட்கார்ந்து சுழற்சியை நிறுத்துகிறது. 2005இல் கோன் ஆண்ட்ரீஸின் குழு அதை அறிவித்தது; 2012 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. மனிதனின் வளையமும் கிருமியின் வளையமும் ஒரே மூதாதையின் வழி வந்தவை. ஆனாலும் இடையில் சேர்ந்த வேறுபாடு, ஒன்றை நிறுத்தி மற்றதைப் பெரும்பாலும் விட்டுவைக்கப் போதுமானதாக இருக்கிறது. பரிணாமம் தந்த அந்தச் சிறு இடைவெளியில்தான் ஒரு நோயாளியின் உயிர் தங்குகிறது.

2024 செப்டம்பரில் இந்திய சுகாதார அமைச்சகம் மருந்துக்கு மசியாத காசநோய்க்குப் பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃபிளாக்சசின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது. இதில் முதல் மூன்றையும் சேர்த்து இந்தியாவில் சோதித்ததில் சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்றது. லினசோலிட் கிருமியின் ரைபோசோமை நிறுத்துவது. மைட்டோகாண்ட்ரியாவும் ஒருகாலத்தில் பாக்டீரியாவாக இருந்ததால் அதன் ரைபோசோமும் ஓரளவு மாட்டிக்கொள்கிறது; அந்த 13 புரதங்கள் குறைகின்றன. நீண்ட நாள் எடுப்பவர்களுக்குக் கைகால் நரம்பு மரத்துப்போவது இதனால்தான். உங்கள் மாணவர்களில் சிலரின் வீட்டிலேயே இந்த மாத்திரைகள் இருக்கலாம்.

மலேரியா ஒட்டுண்ணியின் கதை வேறு மாதிரி. அதன் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஏறத்தாழ 6,000 எழுத்துகள், மூன்றே புரதங்கள். முதல் கூட்டமைப்பு இல்லை. மனித இரத்தத்தில் இருக்கும்போது அது சுவாசச் சங்கிலியை ஆற்றலுக்காக வைத்திருக்கவில்லை. டிஎன்ஏ கட்டத் தேவையான பைரிமிடின் உண்டாக்கும் ஒரு நொதியிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளவே வைத்திருக்கிறது. அட்டோவாகுவோன் அதன் சைட்டோகுரோம் பி புரதத்தை அடைக்கிறது. மரபணு மாறி அந்த மருந்தைத் தாங்கக் கற்ற ஒட்டுண்ணிகள் இரத்தத்தில் பிழைத்துக்கொண்டாலும் கொசுவுக்குள் வளர முடியாமல் போகின்றன என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கொசுவின் உடலில் அதற்கு உண்மையான சுவாசம் வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்களிடம் கேட்பது பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பாடத்திட்டம் அப்படியே இருக்கட்டும். நேரம் குறைவு என்பதும் தெரிந்ததே. வழக்கமான படத்தை வரைந்த பிறகு, பக்கத்தில் ஈஸ்ட்டுக்கும் தாமரைக்கும் காசநோய்க் கிருமிக்கும் ஒவ்வொரு படம் மாணவர்களையே வரையச் சொல்லுங்கள். எந்தக் கட்டம் இல்லை, எது கூடுதல், புரோட்டான் எங்கே குறையும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். உலகப் புரதத் தரவு வங்கியில் இந்த நொதிகள் எல்லாவற்றின் அமைப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. கைப்பேசித் திரையில் சுழற்றிப் பார்க்கலாம்.

வினாத்தாள் தயாரிக்கும் குழுக்களில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ‘எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியை விவரி’ என்ற கேள்வியை ஓர் ஆண்டு ஒதுக்கிவையுங்கள். ரோட்டினோன் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவை நிறுத்துகிறது, ஈஸ்ட்டை நிறுத்துவதில்லை, ஏன் என்று கேளுங்கள். சயனைடு கொடுத்த பின்னும் தாமரை மொட்டு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, அப்போது ஏடிபி கூடுமா குறையுமா என்று கேளுங்கள். இந்த ஆண்டு வினாத்தாளில் இந்த இரண்டில் ஒன்றாவது இடம்பெற வேண்டும்.